சுகர்தான் கட்டுக்குள் இருக்கே, கொழுப்பு மாத்திரை எதுக்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. பல வருடமாகச் சர்க்கரை நோய், பிபியும் உண்டு. இனிப்பை அடியோடு விட்டுவிட்டார். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.8. ஆனாலும் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 138 இருக்கிறது என்று டாக்டர் அதைக் குறைக்க ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "சுகர்தான் கட்டுக்குள் இருக்கே" என்று அட்டையைப் பிரிக்கவே இல்லை. ஆபீஸ் விட்டு வரும்போது ஸ்டேஷனில் ஒரு வடா பாவ், டிவி முன்னால் பர்சான் (மிக்ஸர், சேவு மாதிரி நொறுக்குத்தீனி), சாப்பாட்டுக்கு அப்பளம், ஊறுகாய். கேட்டால் இதெல்லாம் இனிப்பா என்கிறார். என்ன சொல்லட்டும்?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: முதலில் அவரைப் பாராட்டிவிடுங்கள் அம்மா. 6.8 என்பது சும்மா வருவதில்லை, வாயைக் கட்டியிருக்கிறார். ஆனால் அவர் கட்டியது பாதி வாயைத்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடுதலாக இருந்தால் ரத்தக்குழாயின் உள்சுவர் கெட்டுப்போகிறது, பிபி அதே சுவரில் மோதிக்கொண்டே இருக்கிறது, கெட்ட கொழுப்பான எல்டிஎல் அந்தப் பழுதான இடத்தில் போய்ப் படிகிறது. மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அவிழ்த்துவிட்டால் எப்படி? டென்மார்க்கில் ஸ்டெனோ என்ற சர்க்கரை நோய் மையத்தில் 160 சர்க்கரை நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவு 2003-ல் வந்தது. சர்க்கரை, பிபி, கொழுப்பு மூன்றையும் சேர்த்துக் கவனித்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உங்கள் டாக்டர் செய்வதும் அதைத்தான். சர்க்கரையோடு பிபியும் இருப்பவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய இலக்கு. 138-லிருந்து அங்கே போக, சாப்பாட்டை மாற்றுவது மட்டும் பெரும்பாலும் போதாது, மாத்திரையைப் பிரிக்கச் சொல்லுங்கள். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லட்டும், அளவை மாற்றுவார், வேறு மருந்து தருவார். தானாக நிறுத்துவதுதான் கூடாது.

அடுத்தது வடா பாவ். இனிப்பு இல்லைதான். ஆனால் உருளைக்கிழங்கு, கடலை மாவு, மைதா பாவ் மூன்றும் வயிற்றுக்குள் போனதும் சர்க்கரையாகத்தான் மாறும், கூடவே பொரித்த எண்ணெய் வேறு. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதி இருக்கிறது, நல்ல விதி. ஆனால் காலையிலிருந்து அதே சட்டியில் காய்ந்துகொண்டிருக்கும் எண்ணெயை யார் போய் அளப்பது? மும்பையில் இருந்துகொண்டு வடா பாவே கூடாது என்றால் அவர் கேட்கப் போவதில்லை, எனக்கும் அப்படிச் சொல்ல மனசு வராது. வாரத்துக்கு ஒன்று. மற்ற நாளில் ஒரு கைப்பிடி வறுத்த கொண்டைக்கடலையைப் பையில் போட்டு அனுப்புங்கள், ஸ்டேஷனில் இறங்கும்போது பசி இருக்காது.

வீட்டு எண்ணெய்க்கு ஒரு சுலபமான கணக்கு: தலைக்கு மாதம் அரை லிட்டர். நீங்கள் இரண்டு பேர் என்றால் ஒரு லிட்டர் பாக்கெட் மாதக் கடைசி வரை வர வேண்டும். 12-ம் தேதியே மளிகைக் கடைக்கு ஆள் அனுப்புகிறீர்கள் என்றால் எங்கே போகிறது என்று பாருங்கள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் சரி, பாமாயிலில் பாதி, எல்டிஎல்லை ஏற்றும் நிறைகொழுப்பு, தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம். "செக்கில் ஆட்டியது" என்பதால் இந்தக் கணக்கு மாறாது.

உப்பு நாளுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் சாப்பாட்டில் சாம்பாருக்கு உப்பு, ரசத்துக்கு உப்பு, பொரியலுக்கு, மோருக்கு என்று அந்த ஸ்பூன் ஏற்கெனவே காலி. அப்புறம் எங்கே அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் இடம்? இரண்டில் ஒன்றையாவது மேஜையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ, கால் பங்குதான் சோறு. கூட்டையும் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது குறையும். ராத்திரிக்கு மராத்திக்காரர்கள் போல ஜோவர் பக்ரி (சோள ரொட்டி) நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. அதற்காக மூன்று நான்கு என்று அடுக்கினால் சோற்றையே சாப்பிட்டிருக்கலாம்.

கேள்வி: வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டுக் காபி குடிக்கலாமா?
- ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: கூடாது. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

கேள்வி: அம்மாவுக்குச் சுகர். திருநெல்வேலிப் பக்கம், மீனும் கருவாடும் இல்லாமல் சோறு இறங்காது. அசைவமே கூடாது என்று பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள்.
- ஒரு வாசகர், தாராவி

பதில்: மீன் தாராளமாகச் சாப்பிடட்டும் தம்பி. வாரம் இரண்டு தடவை சாளை, அயிலை வாங்கிக் கொடுங்கள். இங்கே மார்க்கெட்டில் தார்லி, பாங்டா என்று கேட்டால் கிடைக்கும். விலையும் குறைவு, இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பும் அதில்தான் அதிகம், வஞ்சிரத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. குழம்பாக வையுங்கள், பொரிப்பது வேண்டாம், தேங்காய் அரைப்பதைப் பாதியாக்குங்கள். கருவாடு வேறு கதை, அது முக்கால்வாசி உப்பு விவகாரம். வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினாலும் முழுக்கப் போகாது. எப்போதாவது ஆசைக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ சில பிபி மாத்திரைகள் எடுத்தாலோ அது ஆபத்து, டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வயது 67, சுகர் 20 வருடமாக. சைவம். கொஞ்ச நாளாக ஸ்டேஷன் பாலம் ஏறினால் மூச்சு வாங்குகிறது, குப்பென்று வியர்க்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. நெஞ்சு வலி இல்லை, அதனால் வாயுதான் என்று நினைக்கிறேன். பருப்பை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மாட்டுங்கா

பதில்: ஐயா, இது பருப்புக் கேள்வி இல்லை. பல வருடம் சர்க்கரை இருந்தால் நரம்புகளும் பாதிக்கப்படும், அப்போது இதயத்துக்கு ரத்தம் போதாமல் போனாலும் வலி தெரியாமலே இருக்கலாம். மூச்சு வாங்குவதும் வியர்ப்பதும் மட்டுமே அடையாளமாக இருக்கும். நீங்கள் சொல்வது அதுவாக இல்லாமலும் போகலாம், ஆனால் அதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. இன்றைக்கே இதய டாக்டரைப் பாருங்கள். படுத்த நிலையில் எடுத்த ஈசிஜி நார்மல் என்றால் அத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள், பாலம் ஏறும்போது நடப்பதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு என்ன பரிசோதனை என்று அவர் சொல்வார். அதுவரை பாலத்தில் வேகமாக ஏற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, தாடை, தோள், கை இறுக்கிப் பிடித்தாலோ ஆட்டோ தேடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பருப்பை விடுவதா வேண்டாமா என்பதை ரிப்போர்ட் வந்த பிறகு எழுதுங்கள், பேசுவோம்.