பறக்கும் தட்டு தேடும் பாலைவன இரவு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள செடோனாவில், இரவு வானத்தைக் காட்டி பறக்கும் தட்டும் தேடவைக்கும் வழிகாட்டிச் சுற்றுலாக்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: அக்டோபரில் குடும்பத்தோடு அரிசோனா போகிறோம். இந்தச் சுற்றுலாவுக்கு எந்த நாளில் பதிவு செய்தால் நல்லது?

பதில்: விமான டிக்கெட்டுக்கு முன்னால் காலண்டரில் அமாவாசையைப் பாருங்கள். அமாவாசையும் அதற்கு முன்பின் நான்கு நாட்களும் முதல் தரம். அது அமையாவிட்டால் பௌர்ணமி கழிந்த பிறகு போகலாம். நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுவதால், சில நாட்களிலேயே முன்னிரவு இருட்டாகிவிடும். ஆனால் செப்டம்பர், அக்டோபர் பௌர்ணமிகளை ஒட்டி இந்தத் தாமதம் அரை மணி அளவுக்குச் சுருங்கிவிடும். ஆகவே மற்ற மாதங்களில் நான்கு நாள் தள்ளினால் போதும் என்றால், நீங்கள் ஆறு நாள் தள்ளுங்கள். வளர்பிறை அஷ்டமியிலிருந்து பௌர்ணமி வரை தவிர்த்துவிடுவது நல்லது. பொழுது சாயும்போதே நிலா வானத்தில் இருக்கும், பால்வீதி கரைந்துபோகும்.

மாதம் நல்ல மாதம்தான். அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம் என்று கணக்கு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பிற்பகலில் திரளும் மேகம் பல நாள் இரவிலும் கலையாது. அக்டோபரில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே இரவில் இரண்டு பயணம் நடத்துகிறார்கள் என்றால் முதல் பயணத்தையே கேளுங்கள். பால்வீதியின் மையம் இருக்கும் தனுசு மண்டலம் அப்போது தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும்; தாமதித்தால் செம்பாறைகளுக்குப் பின்னால் போய்விடும்.

கடிகார விஷயம் ஒன்று. அரிசோனா கோடைக்கால நேர மாற்றத்தைப் பின்பற்றுவதில்லை. அதன் வடகிழக்கில் இருக்கும், நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு பின்பற்றுகிறது. அக்டோபரில் மானுமென்ட் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து கிளம்பி வருகிறவர்களின் கைபேசி, செடோனாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் காட்டும். பதிவு நேரத்தைச் செடோனா நேரப்படிக் குறித்துவையுங்கள்.

கேள்வி: நைட் விஷன் கருவி தருவார்களாமே? அதில் என்ன தெரியும், எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: நல்ல நிறுவனங்கள் மூன்றாம் தலைமுறைக் கருவி தருகின்றன. வரும் சொற்ப ஒளியை எலக்ட்ரான்களாக்கி, பல்லாயிரம் மடங்கு பெருக்கி, பச்சை அல்லது வெள்ளைத் திரையில் காட்டும் குழல் அதற்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் ஒரு பகுதியையும் அது பிடிக்கும். பெரும்பாலானவை உருவத்தைப் பெரிதாக்காது. வெறும் கண்ணால் காணும் அதே அளவில், சுமார் 40 டிகிரி வட்டத்துக்குள், பல மடங்கு அதிக நட்சத்திரங்களைக் காட்டும்.

குவியத்தை இரண்டு கட்டமாகச் சரிசெய்ய வேண்டும். பலர் ஒன்றோடு நிறுத்திவிட்டு ‘எல்லாம் மங்கலாக இருக்கிறது’ என்பார்கள். முதலில் கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருப்பி, திரையின் பொடிப்புள்ளிகள் கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள். அந்த நேரத்தில் நட்சத்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிறகு முன்பக்க வளையத்தைத் திருப்பி, ஒரு நட்சத்திரத்தை மிகச் சிறிய புள்ளியாக்குங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் வளையத்திலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு அந்த வளையம் உதவாது. கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

கருவியைக் கண்ணில் வைத்தபடி ஒரு அடிகூட நடக்காதீர்கள். ஆழம் தெரியாது, பக்கப் பார்வை இருக்காது. கீழே கள்ளி முள் இருக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது என்பதும் முக்கியம். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். ஒரு கார் விளக்கு அடித்தாலும், கைபேசித் திரையைப் பார்த்தாலும் அத்தனையும் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நைட் விஷன் திரையின் ஒளியும் கண்ணின் பழக்கத்தைக் கெடுக்கும். ஆகவே முதலில் வெறும் கண்ணால் பால்வீதியையும், பைனாகுலரில் ஆண்ட்ரோமெடா விண்மீன் கூட்டத்தையும் பார்த்து முடியுங்கள். 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வரும் ஒளி வெறும் கண்ணில் விழுவதைவிடப் பெரிய அதிசயத்தை எந்தக் கருவியும் அந்த இரவில் தரப்போவதில்லை. கருவி அதற்குப் பிறகு வரட்டும். ஒற்றைக் குழல் கருவியானால் ஒரு கண்ணை அதற்கு ஒதுக்கி மற்றதை மூடிவையுங்கள்.

இந்தக் கருவி பிடித்துப்போய் அமெரிக்காவில் ஒன்று வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு: அமெரிக்க அரசின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் இத்தகைய கருவியை நாட்டைவிட்டு எடுத்துப் போவது குற்றம்.

கேள்வி: ஒரு மணி நேரத்தில் நகரும் ஒளிகள் நிறையத் தெரியும் என்கிறார்கள். எது என்னவென்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இந்தப் பயணத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. தெரிந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்கத் தெரியாதவருக்கு எல்லாமே பறக்கும் தட்டுதான். அவரிடம் பேச ஒன்றுமிருக்காது.

சீராக, இமைக்காமல், சில நிமிடங்களில் வானத்தைக் கடக்கும் புள்ளி செயற்கைக்கோள். பாதி வழியில் சட்டென மங்கி மறைந்தால் அது பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் சர்வதேச விண்வெளி நிலையம் வெள்ளிக் கிரகத்துக்கு ஈடாகப் பளிச்சிடும். 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுபவை, அக்டோபர் மாதத்தில், சூரியன் மறைந்து சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தலைக்கு நேர் மேலே தெரியாது. நிழல் அவ்வளவு உயரத்துக்கு ஏறிவிடும். சில நொடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டு போவது பெரும்பாலும் உருண்டுகொண்டிருக்கும் பழைய ராக்கெட் பாகம்.

ஒரே கோட்டில் மணிமாலை போல வரிசையாகப் போவது, ஏவி ஓரிரு நாளேயான ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள் கூட்டம். இவற்றால் வரும் இன்னொரு குழப்பம் அதிகம் பேருக்குத் தெரியாது. இருட்டி வெகுநேரமான பின்னும், சூரியன் இருக்கும் திசையில் அடிவானத்தை ஒட்டி, சில நொடி பளிச்சிட்டு அணையும் ஒளிகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தோன்றும். ஒன்றே போய்ப்போய் வருவது போலிருக்கும். உண்மையில் ஒவ்வொரு முறையும் வேறொரு செயற்கைக்கோள். கண்ணாடி போன்ற அதன் பரப்பு அந்தக் கோணத்துக்கு வரும்போது சூரிய ஒளியை உங்கள் பக்கம் திருப்பிவிடுகிறது.

விமானத்துக்கு இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, அதோடு வெட்டி வெட்டி மின்னும் வெள்ளை. ஆனால் முகப்பு விளக்கோடு உங்களை நோக்கியே வரும் விமானம் நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். திரும்பும்போது ‘நின்றது, பிறகு பாய்ந்தது’ என்று தோன்றும். செடோனாவின் விமான நிலையம் ஊருக்கு மேலேயே ஒரு மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. தெற்கே ஃபீனிக்ஸ் விமானப் போக்குவரத்து உண்டு.

அக்டோபர் முன்னிரவில் வடகிழக்கில் தாழ்வாகச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகத் துடிப்பது காபெல்லா நட்சத்திரம். தாழ்வான நட்சத்திரத்தின் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் வருவதால் நிறம் சிதறுகிறது. நள்ளிரவுக்குப் பின் சிரியஸும் இதே வேலையைச் செய்யும். இருட்டில் தனி ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அது நகராவிட்டாலும் நகர்வதாக மூளை காட்டும். ஒரு மரக்கிளையின் அல்லது பாறையின் விளிம்பு அதன் ஓரத்தில் வரும்படி நின்று பாருங்கள். இடைவெளி மாறாவிட்டால் அது நகரவில்லை.

நைட் விஷனில் மட்டும் தெரிந்து, வளைந்து நெளிந்து, சட்டென்று திசை மாறுபவை வௌவால், பூச்சி, இரவில் இடம்பெயரும் பறவைகள். இதற்கு நாங்கள் மிகவும் நம்பும் ஒரு சோதனை: கருவியோடு இருவர் பத்து மீட்டர் தள்ளி நின்று, அந்தப் பொருள் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போகிறது என்று ஒரே நேரத்தில் உரக்கச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறு நட்சத்திரத்தைச் சொன்னால் பொருள் அருகில், அதாவது சில நூறு மீட்டருக்குள் இருக்கிறது. ஒரே நட்சத்திரத்தைச் சொன்னால் தொலைவில் இருக்கிறது.

கேள்வி: வழிகாட்டி நம்பத் தகுந்தவரா என்று முன்கூட்டியே எப்படி அறிவது?

பதில்: ‘கட்டாயம் பார்ப்பீர்கள்’ என்று உறுதி தருபவரை விட்டுவிடுங்கள். அன்று எந்தெந்த நேரம் விண்வெளி நிலையம் கடக்கும் என்று கேளுங்கள். கையோடு சொல்பவர் வானத்தைப் படித்துவிட்டு வருகிறவர். கருவி எந்தத் தலைமுறை, தலைக்கு ஒன்று உண்டா, இல்லை பத்துப் பேருக்கு இரண்டா, மேகம் மூடினால் பணம் திரும்புமா, மாற்றுத் தேதியா, சாய்நாற்காலியும் போர்வையும் உண்டா, கழிப்பறை எவ்வளவு தூரம், குழந்தைகளுக்கு வயது வரம்பு என்ன என்றும் கேளுங்கள். பிடித்திருந்தால் கட்டணத்தில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம்.

வழிகாட்டி பச்சை லேசரால் நட்சத்திரம் சுட்டுவார். அதை வாங்கி நகரும் ஒளியைக் காட்டிவிடாதீர்கள். அது விமானமாக இருந்தால், அமெரிக்கச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை.

கேள்வி: பாலைவனம்தானே, மெல்லிய உடை போதுமா?

பதில்: போதாது. செடோனா கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,350 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் இரவில் 10 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். டிசம்பர், ஜனவரியில் உறைநிலையைத் தொடும். இரண்டு மணி நேரம் அசையாமல் சாய்ந்திருப்பதால் நடப்பவரைவிட உங்களுக்கு அதிகம் குளிரும். உள்ளே ஒட்டிய பனியன், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், காதை மூடும் தொப்பி, கனமான காலுறை. விரல் தெரியாத மூடிய காலணி கட்டாயம்: முள்ளும் தேளும் உண்டு, இதமான இரவுகளில் விரியன் இனப் பாம்புகளும் நடமாடும். சிவப்பு விளக்கு மட்டும் எடுத்துப்போங்கள்.

கேள்வி: கைபேசியில் படம் எடுக்க முடியுமா?

பதில்: முக்காலி இருந்தால் முடியும். இரவு முறை, மூன்று நொடி டைமர், 10 முதல் 20 நொடி வெளிச்சப் பதிவு. 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் (35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்கு இணையாகச் சொல்லப்படும் அளவு) வகுத்தால் நட்சத்திரம் கோடாகாமல் எத்தனை நொடி எடுக்கலாம் என்று கிடைக்கும். 25 மில்லிமீட்டருக்கு 20 நொடி. ஃபிளாஷை அணைத்துவையுங்கள், திரை வெளிச்சத்தைக் குறைத்துவையுங்கள். வீடியோவில் பெரிதாக்கி நட்சத்திரத்தை எடுக்காதீர்கள்: ஆட்டோ ஃபோகஸ் அலைபாயும்போது புள்ளி தட்டாக விரிந்து சுருங்கும். இணையத்தில் சுற்றும் ‘துடிக்கும் தட்டு’க் காட்சிகளில் பல இப்படிப் பிறந்தவைதான்.

கேள்வி: 1997-ல் ஃபீனிக்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் பார்த்தது?

பதில்: அந்த மார்ச் 13 இரவில் இரண்டு தனித்தனிச் சம்பவங்கள் நடந்தன, இரண்டையும் ஒன்றாகக் கலப்பதால்தான் குழப்பம். எட்டரை மணியளவில் முக்கோண வடிவில் வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்த விளக்குகள் ஒன்று. பத்து மணியளவில் நகருக்குத் தென்மேற்கே வரிசையாக நின்று ஒவ்வொன்றாக அணைந்தவை மற்றது. இரண்டாவது, மேரிலாந்து விமானப்படைப் பிரிவின் ஏ-10 விமானங்கள் பயிற்சித் திடலில் போட்ட பாராசூட் ஒளிக்குண்டுகள். மலைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக இறங்கியதே அணைந்ததாகத் தோன்றியது.

பறக்கும் தட்டுத் தகவல்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டம் 1969-ல் மூடப்பட்டபோது கணக்கில் இருந்த தகவல்கள் 12,618. அவற்றில் 701-க்கு விளக்கம் கிடைக்கவில்லை. விளக்கம் கிடைக்காதது வேற்றுக்கிரகச் சான்று ஆகாது. பெரும்பாலும் தேவையான விவரம் பதிவாகாமல் போனதே காரணம். நாசாவின் 2023 ஆய்வுக் குழுவும் நல்ல தரவு இல்லாததையே பெரிய குறையாகச் சொன்னது.

கேள்வி: சுற்றுலா இல்லாமல் நெவாடாவின் 375-ஆம் சாலைக்கு நாமே காரில் போனால்?

பதில்: போகலாம். 98 மைல் நீளமான அந்தச் சாலைக்கு 1996-ல் ‘வேற்றுக்கிரக நெடுஞ்சாலை’ என்று பெயரிட்டார்கள். வழியில் உள்ள ரேச்சல் ஊரில் பெட்ரோல் கிடையாது, முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளுங்கள். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம். வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் இரவில் கரிய மாடுகள் சாலை நடுவே நிற்கும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். இரகசிய இராணுவத் தளமான ஏரியா 51-ன் எல்லைப் பலகையைத் தாண்டினால் கைதுதான். பக்கத்திலேயே இராணுவப் பயிற்சி வான்வெளி இருப்பதால் ஆரஞ்சு நிற ஒளிக்குண்டுகள் அங்கே சகஜம்.

கேள்வி: எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சினால்?

பதில்: ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் தனித்தனியே எழுதுங்கள், பேசிவிட்டால் நினைவுகள் ஒன்றையொன்று திருத்திவிடும். நொடியோடு நேரம், தொடங்கிய திசை, மறைந்த திசை, உயரம். கையை நீட்டிப் பிடித்த முஷ்டி சுமார் 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று அளந்து குறியுங்கள். வெறும் கண்ணில் தெரிந்ததா, கருவியில் மட்டுமா, ஒலி இருந்ததா என்பதையும் சேருங்கள். மறுநாள் ஹெவன்ஸ் அபவ் தளத்தில் செயற்கைக்கோள்களையும், ஃபிளைட்ரேடார்24-ல் விமானங்களையும், ஸ்டெல்லேரியத்தில் கிரகங்களையும் அந்த நேரத்துக்கு வைத்து ஒப்பிடுங்கள். இராணுவ விமானங்கள் பல அந்தப் பட்டியலில் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.