ஒரே ஒரு சீசன் என்றால் 2005-06

கேள்வி: ரக்பி பற்றி அதிகம் தெரியாத ஒருவர், ஐரோப்பிய கிளப் ரக்பியில் ஒரே ஒரு சீசனை மட்டும் தேடிப் பிடித்துப் பார்க்கலாம் என்றால், எதைப் பார்க்க வேண்டும்? ஏன்?

2005-06. அயர்லாந்தின் மன்ஸ்டர் அணி முதன்முறையாக ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான ஹைனெக்கன் கோப்பையை வென்ற சீசன் அது. அந்த வருடம் நான் முதுகலை படிப்புக்காக லிமரிக் நகரத்தில் இருந்தேன். எனவே என் பதிலில் பாசம் கலந்திருக்கும். ஆனால் பாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் என் பதில் இதுதான்.

ஒரே ஒரு ஆட்டம் என்று கேட்டிருந்தால் 2011 இறுதியாட்டத்தைச் சொல்லியிருப்பேன். இடைவேளையில் 22-6 என்று பின்தங்கியிருந்த அயர்லாந்தின் லென்ஸ்டர், இங்கிலாந்தின் நார்தாம்ப்டனை 33-22 என்று வென்ற ஆட்டம். நீங்கள் கேட்டது ஒரு சீசன். அக்டோபரில் ஒரு தோல்வியில் தொடங்கி மே மாதம் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகும் கதை வேண்டும் என்றால் மன்ஸ்டரின் அந்த வருடம்தான்.

போட்டி அப்போது எப்படி நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைனெக்கன் கோப்பையில் 24 அணிகள், நான்கு நான்காக ஆறு பிரிவுகள். (ஹைனெக்கன் என்பது ஒரு பீரின் பெயர். பிரான்சில் மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால் அங்கே 'எச் கப்' என்றுதான் சொன்னார்கள்.) ஒவ்வொரு அணியும் தன் பிரிவில் உள்ள மூன்று அணிகளுடன் சொந்த ஊரில் ஒரு தடவை, வெளியூரில் ஒரு தடவை ஆட வேண்டியிருந்தது. வெற்றிக்கு 4 புள்ளிகள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை. நான்கு ட்ரை போட்டால் கூடுதலாக 1 போனஸ் புள்ளி. தோற்றாலும் 7 அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் 1 புள்ளி உண்டு. பிரிவில் முதலிடம் பிடிக்கும் ஆறு அணிகளும், இரண்டாமிடத்தில் சிறந்த இரண்டு அணிகளும் காலிறுதிக்குப் போயின. இந்த போனஸ் புள்ளியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, மன்ஸ்டர் யார் என்று தெரிந்தால்தான் இந்த சீசனின் கனம் புரியும். அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் தெற்கே இருப்பது மன்ஸ்டர். கார்க், லிமரிக் இரண்டும் அதன் பெரிய நகரங்கள். டப்ளினில் ரக்பி என்றால் கட்டணம் கட்டிப் படிக்கும் பெரிய பள்ளிகளின் விளையாட்டு என்ற பெயர் உண்டு. லிமரிக்கில் அப்படி இல்லை. துறைமுகத் தொழிலாளி, கசாப்புக் கடைக்காரர், வக்கீல், டாக்டர் எல்லோரும் ஒரே கிளப்பில் ஆடுவார்கள். அந்த மாகாண அணி 2000-ல் இறுதிவரை வந்து நார்தாம்ப்டனிடம் 9-8 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. 2001 அரையிறுதியிலும் ஒரு புள்ளி, ஸ்டாட் ஃபிரான்சே அணியிடம் 16-15. 2002-ல் மறுபடி இறுதியாட்டம், இங்கிலாந்தின் லெஸ்டரிடம் 15-9. 2003 அரையிறுதியில் துலூஸிடம் மறுபடி ஒரு புள்ளி, 13-12. 2004 அரையிறுதியில் வாஸ்ப்ஸிடம் 37-32. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கணக்கை வரிசை மாறாமல் சொல்வார்கள்.

இதில் 2002 தோல்வி தனி. அதை எனக்குப் புரியவைத்தவர் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மனைவி இறந்த பிறகு மாடி அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நான் போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் தேநீர்க் கோப்பைகளை எட்டுக்கு எட்டாக எதிரும் புதிருமாக நெருக்கி வைத்தார். இதுதான் ஸ்க்ரம் என்றார். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தள்ளுவார்கள், நடுவில் பந்தை உருட்டி விடுவது ஸ்க்ரம் ஹாஃப், பின்னால் வந்து விழும் பந்தை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். இவ்வளவு கோப்பைகள் அந்த வீட்டில் கிடையாது. கடைசி வரிசைக்கு உப்புக் குப்பியும் ஜாம் பாட்டிலும் வந்தன. பந்துக்கு ஒரு முட்டை.

கார்டிஃபில் மில்லேனியம் ஸ்டேடியம், ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி, லெஸ்டரின் கோட்டுக்குப் பக்கத்தில் ஸ்க்ரம், பந்து போடும் உரிமை மன்ஸ்டருக்கு. ஸ்க்ரம் ஹாஃப் பீட்டர் ஸ்ட்ரிங்கர் குனிந்து நிற்கிறார். நடுவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். லெஸ்டரின் நீல் பேக் கையை நீட்டி ஸ்ட்ரிங்கரின் கையிலிருந்த பந்தைத் தன் அணியின் பக்கம் தட்டி விடுகிறார். நடுவர் பார்க்கவில்லை. லெஸ்டர் பந்தை எடுத்து உதைத்துவிட்டது, ஆட்டம் போச்சு. பெரியவர் முட்டையை விரலால் தட்டிக் காட்டினார், அது உருண்டு மேசை ஓரம் வரை போனது. மூன்று வருடம் கழிந்தும் அவர் குரலில் அந்த நோவு அப்படியே இருந்தது.

சரி, 2005 அக்டோபர். முதல் ஆட்டமே இங்கிலாந்தின் சேல் ஷார்க்ஸிடம் 27-13 என்று தோல்வி. சேல் அந்த வருடம் இங்கிலாந்தின் சாம்பியன் பட்டத்தை வென்ற அணி, லேசுப்பட்டதில்லை. அதன்பின் மன்ஸ்டர் பிரான்சின் காஸ்த்ர் அணியையும் வேல்ஸின் டிராகன்ஸையும் இரண்டு முறை வீதம் வென்றது. கடைசி ஆட்டம் 2006 ஜனவரி 21, சேல் லிமரிக்கின் தோமண்ட் பார்க்குக்கு வருகிறது. வெறும் வெற்றி போதாது, நான்கு ட்ரை போட்டு போனஸும் எடுத்தால்தான் முதலிடமும் சொந்த நாட்டில் காலிறுதியும் கிடைக்கும் என்ற நிலை.

வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, நின்று பார்க்க முடியாது. அவருடைய டிக்கெட்டில் நான் போனேன். பழைய தோமண்ட் பார்க்கில் பெரும்பகுதி நின்று பார்க்கும் படிக்கட்டுகள்தான். மொத்தம் பதின்மூன்றாயிரம் பேர் சொச்சம். ஹைனெக்கன் கோப்பையில் அந்த மைதானத்தில் மன்ஸ்டர் அதுவரை தோற்றதே கிடையாது, 1995-ல் போட்டி தொடங்கிய நாள் முதல். அங்கே என்னைத் தூக்கிவாரிப்போட்டது சத்தத்தை விட அமைதிதான். யாராவது பெனால்ட்டி (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி) உதைக்க நின்றால், அவர் எதிரணிக்காரராக இருந்தாலும், அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் மூச்சு விடுவது கேட்கிறது. பந்தில் பூட்ஸ் படும் சத்தம் எதிர்க்கோடி வரைக்கும் கேட்கும். இருமல் வந்த ஒருவர் குல்லாயைக் கழற்றி வாயில் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆட்டத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. சேலின் செபாஸ்தியான் ஷபால், நீளமுடியும் தாடியுமாக மலை மாதிரி ஆள், உயரத்திலிருந்து இறங்கிய பந்தைப் பிடித்தார். மன்ஸ்டரின் பால் ஓகானலும் கூட்டாளிகளும் மோதிய வேகத்தில் அவரை நிற்க வைத்தபடியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் பின்னால் நடக்க நடக்க, மைதானத்தின் சத்தம் படிப்படியாக ஏறியது. அதோடு சேல் அணியின் தைரியம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

கேப்டன் ஆன்டனி ஃபோலி ஒன்று, இயன் டவுலிங் ஒன்று, பாரி மர்ஃபி ஒன்று. மூன்று ட்ரை வந்துவிட்டது, நான்காவது வரவே இல்லை. 80 நிமிடமும் தாண்டிவிட்டது. ரக்பியில் நேரம் முடிந்ததும் ஆட்டம் நிற்காது, பந்து வெளியே போகும் வரை அல்லது தவறு நடக்கும் வரை ஆடலாம். அந்த மிச்சத்தில் டேவிட் வாலஸ் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். 31-9. எனக்கு முன்னே நின்ற முன்பின் தெரியாத மனிதர் திரும்பி என்னை அப்படியே கட்டிக்கொண்டார். அவர் போட்டிருந்த கோட்டில் ஈர நாய் வாசம் அடித்தது. இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காலிறுதிக்கு அந்த மைதானம் போதாது என்பதால் டப்ளின் லான்ஸ்டவுன் ரோடு. பெர்பினியான் அணியை 19-10 என்று வென்றார்கள். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். அதே நாள், ஏப்ரல் 1, அழகான ஆட்டம் துலூஸில் நடந்தது. நடப்பு சாம்பியனான துலூஸை அதன் ஊரிலேயே லென்ஸ்டர் 41-35 என்று வீழ்த்தியது. தன் கோட்டருகே தொடங்கி மைதானத்தின் நீளம் முழுக்கக் கைமாறிப் போய் டெனிஸ் ஹிக்கி முடித்த ட்ரையை எப்படியாவது தேடிப் பாருங்கள். இன்னொரு பக்கம் பியாரிட்ஸ். பிரான்சின் பாஸ்க் பகுதி அணி. தங்கள் மைதானம் சிறியது என்பதால் எல்லை தாண்டி ஸ்பெயினின் சான் செபாஸ்தியான் நகருக்கு ஆட்டத்தை எடுத்துப்போனார்கள். அங்கே இருப்பதும் பாஸ்க் மக்கள்தானே. காலிறுதியில் சேல் அணியையும் அரையிறுதியில் இங்கிலாந்தின் பாத் அணியையும் அங்கேதான் வென்றார்கள்.

அரையிறுதி ஏப்ரல் 23. லென்ஸ்டரும் மன்ஸ்டரும். டப்ளின், லென்ஸ்டரின் ஊர். ஆனால் அரங்கம் முக்கால்வாசி சிவப்பு. மன்ஸ்டர்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ டிக்கெட் வாங்கிவிட்டார்கள். துலூஸில் அப்படி ஆடிய லென்ஸ்டர்தான் ஜெயிக்கும் என்று பேப்பர்களெல்லாம் எழுதியிருந்தன. முடிவு 30-6, மன்ஸ்டருக்கு. கடைசிப் பகுதியில் ரோனன் ஓகாரா ட்ரை போட்டுவிட்டு விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்து ரசிகர்களிடம் ஓடினார். 2000 இறுதியாட்டத்தின் கடைசியில் அவர் உதைத்த பெனால்ட்டி தவறிப்போனதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள்.

இறுதியாட்டம் மே 20. அதே கார்டிஃப், அதே மில்லேனியம் ஸ்டேடியம். 74,534 பேர். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, காசும் இல்லை. லிமரிக் ஓகானல் தெருவில் பெரிய திரை வைத்திருந்தார்கள், அங்கே போய் நின்றேன். தொடங்கி மூன்று நிமிடத்தில் பியாரிட்ஸின் சிரெலி போபோ ட்ரை போட்டுவிட்டார். அவர் கால் பக்கக் கோட்டில் பட்டதா இல்லையா என்று இன்றைக்கும் விவாதம் உண்டு. தெரு அடங்கிப்போனது. "மறுபடியுமா" என்று ஒரு அம்மா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. அப்புறம் மன்ஸ்டரின் ட்ரெவர் ஹால்ஸ்டெட் ஒரு ட்ரை போட்டார். பிறகு கணக்கு 10-10 என்று சமமானது.

இப்போதுதான் அந்தக் கணம். பியாரிட்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில் மன்ஸ்டருக்கு ஒரு ஸ்க்ரம். பந்து போடுபவர் ஸ்ட்ரிங்கர். எல்லோரையும் விடச் சின்ன உருவம், பந்து கைக்கு வந்த கணமே ஓகாராவுக்கு எறிவதுதான் அவர் வேலை, தானாக எடுத்துக்கொண்டு ஓடுவது அபூர்வம். போபோவும் அதைத்தான் எதிர்பார்த்து உள்பக்கம் நகர்ந்து நின்றார். ஸ்க்ரமுக்கும் பக்கக் கோட்டுக்கும் இடையிலான குறுகிய பக்கத்தில் ஆளே இல்லை. ஸ்ட்ரிங்கர் பந்தை எடுத்தார், எறியவில்லை, அந்தக் காலி இடத்தில் பாய்ந்து கோட்டைத் தாண்டிவிட்டார். யாரும் தொடக்கூட இல்லை. இடைவேளையில் 17-10.

இரண்டாம் பாதி கொடுமை. 20-10 ஆனது. பிறகு திமித்ரி யாஷ்விலி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெனால்ட்டி உதைக்க, 20-19. மறுபடியும் ஒரு புள்ளிக் கணக்கு. அடிபட்ட ஒருவருக்காக ஆட்டம் நின்றிருந்த நேரத்தில், கார்டிஃப் ஸ்டேடியத்தின் திரையில் எங்கள் தெருவைக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேர் சிவப்பில் நிற்கும் ஓகானல் தெரு. ஸ்டேடியம் அதைப் பார்த்துக் கர்ஜிக்க, அந்தக் கர்ஜனை எங்கள் ஸ்பீக்கரில் கேட்டது. நாங்கள் பதிலுக்குக் கத்தினோம். களைத்துக் கிடந்த ஆட்டக்காரர்களும் அந்தத் திரையை நிமிர்ந்து பார்த்தார்கள். பிற்பாடு அவர்களில் பலர் அதைத் தங்கள் பேட்டிகளில் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஓகாரா ஒரு பெனால்ட்டி உதைத்தார், 23-19. உதைக்க அவர் பின்வாங்கி நின்றபோது, கார்டிஃபுக்குக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் தெருவே அமைதியாக இருந்தது.

கோப்பையைத் தூக்கியவர் ஃபோலி. போட்டி தொடங்கிய 1995-96 சீசனில் இருந்தே மன்ஸ்டருக்கு ஆடியவர். 1978-ல் தோமண்ட் பார்க்கில் நியூசிலாந்தை 12-0 என்று வென்ற மன்ஸ்டர் அணியில் அவர் அப்பா பிரெண்டன் ஃபோலி இருந்தார். 2016 அக்டோபரில் மன்ஸ்டரின் பயிற்சியாளராகப் பாரிஸ் போன இடத்தில் ஃபோலி தூக்கத்திலேயே இறந்தார், வயது 42. அடுத்த வாரம் தோமண்ட் பார்க்கில் மன்ஸ்டரில் யாரும் ஃபோலி அணிந்துவந்த 8-ஆம் எண் சட்டை போடவில்லை. அந்த இடத்தில் ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர் 24 போட்டுக்கொண்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் லிமரிக்கை விட்டு வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

இறுதியாட்டத்தன்று இரவு நான் வீடு திரும்ப மணி பத்தரை ஆகியிருக்கும். சமையலறை விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் டிவியில் ஆட்டம் முழுவதையும் பார்த்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். மேசையில் கோப்பைகள் எட்டுக்கு எட்டாக நின்றன, உப்புக் குப்பியும் ஜாம் பாட்டிலும் அவற்றின் இடத்தில். என்னை உட்காரச் சொல்லிவிட்டு முட்டையைக் கையில் எடுத்தார். இந்த முறை மெல்ல, மேசையின் அந்தக் குறுகிய பக்கமாக, கோப்பைகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டார்.