பொத்தான் கட்சி

கேள்வி: இங்கிலாந்தில் ‘பிரிட்டிஷ் சீகல்’ என்ற பழைய படகு மோட்டாரைத் தேடித்தேடி வாங்குகிறார்களாமே? இன்றைய மோட்டார் பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது. அப்புறம் அதில் என்ன கவர்ச்சி?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: பொத்தான்! கேட்டாலே எரிச்சல் வருகிறது. அமுக்கினால் ஓடும், சரி. அமுக்கியும் ஓடாவிட்டால்? மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு மூடி, அதற்குள் இருப்பது கம்பெனி ஆளின் லேப்டாப்புக்கு மட்டும்தான் புரியும். எங்கள் அலுவலக பிரிண்டரைப் பற்றி இந்தப் பக்கத்தில் புலம்பித் தீர்த்தாயிற்று, மறுபடி வேண்டாம்.

சீகலுக்கு மூடியே கிடையாது. டேங்க், பிளக், கார்புரேட்டர் எல்லாம் வெட்டவெளியில். முடிச்சுப் போட்ட கயிற்றை உச்சியிலுள்ள ஃபிளைவீல் என்ற சக்கரத்தில் சுற்றி ஓர் இழுப்பு. கயிறு கையோடு வந்து பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விளாசும். பல மாடல்களில் நியூட்ரலும் இல்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டால் படகு கிளம்பிவிடும், நீங்கள் உட்கார்ந்தீர்களா என்றெல்லாம் பார்க்காது. பழைய மாடல்களுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் ஊற்ற வேண்டும், அதில் கொஞ்சம் எரியாமலே தண்ணீரில் மிதக்கும். அந்த ஒரு விஷயத்தில் நானும் பொத்தான் கட்சிதான். ஆனால் மக்கர் செய்தால் ஒரு ஸ்பேனரும் பிளக்கைத் துடைக்கத் துணியும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நடுத்தண்ணீரிலேயே நீங்களே சரிசெய்துவிடலாம். கவர்ச்சி அதுதான்.

இந்த லட்சணத்தில் அதன் விளம்பர வாசகம் ‘உலகத்துக்கே சிறந்த அவுட்போர்டு மோட்டார்’ (படகின் பின்புறம் வெளியே மாட்டுவதால் அவுட்போர்டு). சொன்னது யார்? அவர்களேதான். தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொள்ளும் கவிஞர்களை நான் கிண்டல் செய்தால் கோபித்துக்கொண்டு கடிதம் போடுகிறவர்கள் கவனிக்கவும்: சீகல் தயாரிப்பு 1996-ல் நின்றுபோனது, ஆனால் இன்றைக்கும் இழுத்தால் கிளம்புகிறது. நம்மவர்களின் 1996 கவிதைத் தொகுப்பு ஒன்றைப் பரணிலிருந்து இழுத்துப் பாருங்கள்.

விளம்பரம் என்றால் பெஸ் எவின்ரூட்தான். அமெரிக்காவில் மில்வாக்கிக்காரர் ஓலே எவின்ரூட், ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்க் காதலிக்கு வாங்கிவந்த ஐஸ்கிரீம் வழியிலேயே உருகியதால் படகு மோட்டார் செய்தாராம், எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அந்தக் காதலிதான் பெஸ், பிறகு மனைவி. 1909-ல் விற்பனை ஆரம்பித்ததும் கணக்கு வழக்கு பார்த்தது, கடிதம் போட்டது, ‘துடுப்பைத் தூக்கி எறியுங்கள்’ என்று விளம்பரம் எழுதியது எல்லாம் அவர். கதை சொல்கிறவர்கள் அவருக்குக் கொடுப்பதோ உருகிய ஐஸ்கிரீம் மட்டும்தான். பெஸ்ஸுக்கு உடம்பு முடியாமல் போனதும், ஓலே கம்பெனியில் தன் பங்கையே விற்றுவிட்டார்.