ஒரே பட்டறையின் மூன்று பேஸ் கிட்டார்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணன்,

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவ சபையில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வயது 24. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருவர் வாசித்துவிட்டு விற்ற யமஹா டிஆர்பிஎக்ஸ் 174 தான் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் மூன்று பேஸ் இருப்பதாகவும் மூன்றுமே யமஹா என்றும் ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். சபைப் பாடகர் குழுவான கொயரில் இதைச் சொன்னேன். கீபோர்டு வாசிக்கும் நண்பன், "யமஹான்னா பைக்குலே, பேஸுன்னா ஃபெண்டர்" என்று சிரித்துவிட்டான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. இதை விற்று, மேலே கடனும் வாங்கி ஒரு ஃபெண்டர் எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் ஒரே கம்பெனியில் நிற்பது வெறும் பாசமா, காரணம் ஏதும் உண்டா?

இன்னொன்று. போன மாதம் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். வீட்டுக்கு வந்ததும், "நீ வாசிச்சியா மக்கா? ஒண்ணும் கேக்கலியே" என்றாள். அது மனசிலேயே கிடக்கிறது. ஜூன் மழைக்குப் பிறகு கம்பிகள் மேலே தூக்கி நிற்கின்றன, அழுத்தினால் விரல் வலிக்கிறது.

(பெயர் வேண்டாம்)
கருங்கல்

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உன் கடிதத்தில் எனக்கு மிக நெருக்கமான வரி அதுதான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிறு ஆராதனையில், மேற்கத்திய மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டொன்றின் மூன்றாவது சரணத்தில் என் கேபிள் செத்துப்போனது. ஆம்பில் விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. நான் குனிந்து பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தேன். கீபோர்டும் கொயரும் நிற்கவில்லை. ஆனால் இருநூறு பேர் பாடும் பாட்டு மெல்ல இறங்கத் தொடங்கியதைக் காதால் கேட்டேன். வரி முடியும் இடங்களில் ஆளுக்கொரு நீளத்துக்கு இழுத்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அத்தை சொன்னாள்: "இன்னைக்கி என்னவோ பாட்டு நின்ன எடத்துல நிக்கல." நான் வாசித்த வருஷங்களில் ஒரு நாளும் அவள் பேஸைப் பற்றிப் பேசியதில்லை. அது இல்லாத ஒரு சரணத்தில் அவளுக்குக் கேட்டுவிட்டது. உன் அம்மாவுக்கும் கேட்கிறது தம்பி. தான் பாடுகிற பாட்டுக்குள்ளேயே கேட்பதால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு ஒலி சார்ந்த காரணமும் உண்டு. பேஸின் தடித்த கம்பி, ஈ, வினாடிக்கு 41 முறை அதிர்கிறது. அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. நம் சபைகளில் சுவரில் மாட்டியிருக்கும் சின்ன ஸ்பீக்கர்களுக்கு 41 எட்டாது. திருவிழாப் பந்தலில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஆனால் அந்தக் கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று மேலே அடுக்கிக்கொண்டே போகிறது. அந்த மேல் அடுக்குகளைக் கேட்டு, அடியில் இல்லாத 41-ஐக் காது தானாகவே கட்டிக்கொள்ளும். செல்போனில் பாட்டுக் கேட்கும்போதும் இப்படித்தான் பேஸ் நமக்குப் புரிகிறது. ஆகவே சத்தம் போதவில்லை என்று ஆம்பில் பேஸ் குமிழைத் திருகி ஏற்றாதே. ஸ்பீக்கர் உறுமும், சுரம் தெளியாது. பேஸைக் கொஞ்சம் குறை, மிடில் குமிழை ஏற்று, கிட்டாரின் டோன் குமிழை முழுக்கத் திறந்து வை. உடம்பில் கம்பிகள் ஏறி நிற்கும் பாலத்தின் (பிரிட்ஜ்) பக்கம் விரலை நகர்த்தி வாசி. அடுத்த ஞாயிறே வித்தியாசம் தெரியும்.

இனி யமஹா. உன் நண்பன் சொன்னதில் பாதி சரி. நம் ஊரில் அந்தப் பெயர் முதலில் ஆர்எக்ஸ் 100 ஆகத்தான் வந்து இறங்கியது. பைக் கம்பெனி 1955-ல்தான் தனியாகப் பிரிந்தது. பைக் கம்பெனிக்கும் வாத்தியக் கம்பெனிக்கும் சின்னத்தில் இருப்பவை குறுக்காக வைத்த மூன்று டியூனிங் ஃபோர்க்குகள், சுருதி பார்க்கத் தட்டும் இரும்புக் கவைகள். அவை ஏன் அங்கே வந்தன என்பது எனக்கு மிகப் பிடித்த கதை.

1887-ல் ஜப்பானின் ஹமமாட்சு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கன் கெட்டுப்போனது. நாம் கால் ஆர்மோனியம் என்போமே, அந்த இனம். மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த தொரகுசு யமஹாவைக் கூப்பிட்டார்கள். அவர் திறந்து பார்த்துச் சரிசெய்தார். அதோடு விடாமல் உள்ளே இருந்ததை வரைந்து வைத்துக்கொண்டு, தானே ஒன்றைச் செய்தார். நண்பர் ஒருவரோடு அதைத் தோளில் சுமந்து ஹகோனே மலையைக் கடந்து டோக்கியோ இசைப்பள்ளிக்குக் கொண்டுபோனார். உருவம் சரி, சுருதி சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அங்கேயே தங்கி, டியூனிங் ஃபோர்க்கைக் கையில் வைத்துக்கொண்டு சுருதி படித்தார். ஊர் திரும்பி இரண்டாவதைச் செய்தார். அது தேறியது.

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொள்ள அப்பாதான் காரணம். 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு நம் மாவட்டத்தில் சபைகள் இருக்கின்றன. நான் வளர்ந்த சபையிலும் ஒரு பழைய கால் ஆர்மோனியம் கிடந்தது. கடல் காற்றில் அதன் ரீட்டுகளில், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளில், பச்சை ஏறும், சுருதி விலகும். அப்பா ஒவ்வொன்றாக உருவி, அடியில் பிளேடைக் கொடுத்து மெல்லச் சுரண்டுவார். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய தூளை ஊதிவிட்டு, வாயில் வைத்து ஊதிப் பார்த்து, மறுபடி சுரண்டுவார். சனிக்கிழமை சாயங்காலம், கோவிலைப் பராமரிக்கும் கோவில்பிள்ளை பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார், நான் மிதிகட்டையை மிதிப்பேன். அப்பா கொயரில் பேஸ் குரல். பாமாலைக்கு நாலு குரல் பிரித்துப் பாடும் பழக்கம் எங்கள் சபையில் இருந்தது. கீழ்க்குரலைத் தனியாகப் பாடிக் காட்டினால் அது பாட்டு மாதிரியே இருக்காது. மற்ற மூன்றையும் சேர்த்தால் அதுதான் தரை என்று தெரியும்.

1989-ல் குவைத்திலிருந்து வந்த சித்தப்பா, கம்பளியில் சுற்றி ஒரு பேஸ் கொண்டுவந்தார். யமஹா பிபி. அந்த வரிசை 1977-ல் தொடங்கியது. கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் ஒரே ஒன்று, இரண்டே குமிழ், கறுப்பு. அங்கே கடையில் சித்தப்பாவுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அப்பா அதைத் தட்டிப் பார்த்து, தடித்த கம்பியை ஒரு முறை மீட்டி, காதை மரத்தில் வைத்துக் கேட்டார். "இது நம்ம குரலுலே" என்றார். பேஸ் வாசிக்க நான் வந்த வழி அது.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாக ஓடுவதை மார்த்தாண்டம் பஸ்ஸில் கேட்டுக் கேட்டு விரலில் ஏற்ற முயன்றேன். அதை வாசித்த சசிதரனின் பெயர் பிறகுதான் தெரிந்தது. ரகுமான் பாட்டுகளுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரும் அப்படியே.

என் இரண்டாவது பேஸ், பிபி 434, 2018-ல் வாங்கியது. மூன்றாவது ஐந்து கம்பி டிஆர்பிஎக்ஸ் 305. கீழே ஒரு பி கம்பி, வினாடிக்கு 31 அதிர்வு. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் மட்டும் அதை எடுக்கிறேன். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதை மறந்தால் பாதியில் சத்தம் போகும். அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 434-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் கழுத்தை உடம்போடு பூட்டுவது ஆறு திருகு. அதன் பிளந்த பிக்கப்பைப் பார்: ஃபெண்டரில் இருப்பதற்கு நேர் எதிராகத் திருப்பி வைத்திருக்கும். தடித்த இரு கம்பிகளுக்கான பாதி பாலத்துக்குப் பக்கம், மெல்லிய இரண்டுக்கான பாதி கழுத்துக்குப் பக்கம். அதனால் ஈ கம்பி தொளதொளக்காமல் இறுகி நிற்கிறது, ஜி கம்பி மெலிந்து போகாமல் சதை பிடிக்கிறது. நாலு கம்பியும் ஒரே ஆள் பேசுவதுபோல இருக்கும்.

நான் ஒரே இடத்தில் நிற்பதற்குக் காரணம் இதுதான். மூன்றின் கழுத்தும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதே. பழையது அகலம், 434 ஒடுக்கம். ஆனால் மூன்றிலும், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான ஃப்ரெட்டுகளின் ஓரங்கள் கையைக் கீறியதில்லை. வாரில் மாட்டினால் தலை கீழே சாய்வதில்லை. எந்தக் கம்பிக்குப் போனாலும் அதே அழுத்தத்துக்கு அதே சத்தம். ஆராதனையில் நம் கண் கையில் இருக்க முடியாது. பாட்டுப் புத்தகத்திலும், எந்தச் சரணத்தை விடப்போகிறார் என்று போதகர் முகத்திலும் இருக்க வேண்டும். கையை அது பாட்டுக்குப் போக விட, வாத்தியத்தை நம்ப வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இந்தப் பட்டறை. பாசம் என்று சொன்னாலும் மறுக்கமாட்டேன்.

ஃபெண்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். இடுப்பில் சாய்த்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது, விரல் சற்று நகர்ந்தாலும் சுருதி விலகும். இவர் ஃப்ரெட் பதித்தார், அதனால்தான் துல்லியம் என்று பொருள்படும் அந்தப் பெயர். அவர் வைத்த 34 அங்குல நீளம்தான் உன் டிஆர்பிஎக்ஸிலும் என் 434-லும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் ஒரு நாள் முழுக்க ஒரு பிரிசிஷன் என் கையில் இருந்தது. ஈ கம்பியைத் தொட்டதும் நெஞ்செலும்பில் வந்து தட்டியது. ரெக்கார்டிங்கில் பலருடைய காது அந்தச் சத்தத்தைத்தான் தேடும் என்பது அன்று புரிந்தது. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ஹமமாட்சுக்காரரும் பழுது பார்த்தவர்தான். கெட்டுப்போனதைத் திறந்து பார்த்த இருவர் நம் கைக்கு இவற்றைத் தந்திருக்கிறார்கள்.

உன் சபைக்காக மட்டும் கேட்டால், கடன் வாங்கி ஃபெண்டர் எடுக்காதே. 174-ல் உன் விரல் ஐந்து வருஷம் பழகியிருக்கிறது. ரெக்கார்டிங்குக்குப் போகும் எண்ணம் இருந்தால், சேர்ந்த பணத்துக்குள் எது வருகிறதோ அதை எடு, 174-ஐ விற்காதே. இரண்டு கிட்டாருக்கும் முன்னால் ஒன்று செய். நல்ல கேபிள் ஒன்றும், பேஸுக்கென்றே ஒரு சின்ன ஆம்பும் வாங்கு. அம்மாவின் குறை பாதி அதிலேயே தீரும்.

இன்னொன்றையும் மனதில் வை. பாமாலைக்கு வாசிப்பதுபோலக் கீர்த்தனைக்கு வாசிக்காதே. பாமாலையில் கார்டுக்குக் கார்டு (பல சுரம் சேர்ந்த சுரக்கூட்டு) அடி மாறும், மாற வேண்டும். கீர்த்தனை ராகத்தில் நிற்கிறது. கீபோர்டுக்காரர் போடும் ஒவ்வொரு கார்டையும் துரத்தினால் பாட்டு உடையும். தம்புரா மாதிரி சட்ஜத்தில் நில், பஞ்சமத்தைத் தொட்டு வா. வயதானவர்கள் வரிக் கடைசியில் இழுக்கும்போது, அடுத்த வரியின் முதல் சுரத்தைச் சற்றே உறுதியாகப் போடு. எல்லோரும் உன் பின்னால் வந்துவிடுவார்கள்.

கம்பி தூக்கி நிற்பதற்குக் கிட்டார்மேல் பழியில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மரம் ஈரம் குடித்து ஊதுகிறது, கம்பியின் இழுப்பில் கழுத்து முன்னால் வளைகிறது. 2011-ல் என் பழைய பிபியை ஒரு மழைக்காலம் முழுக்க கோவிலின் பக்க அறையான வெஸ்ட்ரியின் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். சுண்ணாம்புச் சுவர் வேர்க்கும். திரும்ப எடுத்தபோது பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் சுண்டுவிரல் நுழைந்தது. அதைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கட்டிலுக்கடியில் வைத்து, வாரத்துக்குக் கால் சுற்றாக ஒரு மாதம் திருப்பித்தான் மீட்டேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவு. கிட்டாரைச் சரியான சுருதியில் வை. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்து. ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி இருந்தால் போதும். அதைவிடக் கூடுதலாக இருந்தால், தலைப்பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) அதற்குரிய ஆலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று திருப்பு. ஒரு நாள் விடு. மறுபடி பார். மக்கர் செய்தால் பலம் போடாதே, தெரிந்தவரிடம் கொடு. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடை. கையின் உப்பும் கடலின் உப்பும் சேர்ந்துதான் அதைத் தின்கின்றன.

அடுத்த முறை அம்மா கோவிலுக்கு வரும்போது முன்வரிசையில் உட்கார வைக்காதே. கீழ்ச்சுரங்கள் சுவரை ஒட்டித்தான் திரளும். பின்சுவர்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரச் சொல். மூன்றாவது சரணத்தில் நீ ஒரு வரி வாசிக்காமல் இருந்துவிட்டு, அடுத்த வரியில் ஈ கம்பியோடு உள்ளே வா.

அன்புடன்,
அண்ணன்