டெக் டவுட்: பட்டன் இருக்கே, அப்புறம் என்ன?

கேள்வி: எங்க கம்பெனி டேட்டாபேஸ் அமேசான் கிளவுட்ல ஆரோரா போஸ்ட்கிரஸ் (அமேசானோட டேட்டாபேஸ் சர்வீஸ்) க்ளஸ்டரா ஓடுது சார். ஆட்டோமேட்டிக் பேக்கப் 7 நாளைக்கு வச்சிருக்கோம். இப்ப ரீஸ்டோரையும் (பேக்கப்ல இருந்து டேட்டாபேஸ திரும்ப எழுப்புறது) ஆட்டோமேட் பண்ணச் சொல்லி மேனேஜர் உயிர எடுக்கிறாரு. அமேசான் கன்சோல் பேஜ்லதான் ரீஸ்டோர் பட்டன் இருக்கே, தேவையா? (வாசகர், கோவை)

பதில்: மேனேஜர் விவரமான ஆளுங்க, கேட்டுக்குங்க. ஆரோராவுல ரீஸ்டோர்னா பழைய க்ளஸ்டர் மேலயே டேட்டா திரும்ப வந்து உக்காராது, புதுசா ஒரு க்ளஸ்டர் வரும், எண்ட்பாயிண்டும் (ஆப் கனெக்ட் ஆகுற அட்ரஸ்) புதுசு, உங்க ஆப் பாட்டுக்கு பழைய அட்ரஸையே தட்டிட்டு இருக்கும். இதுல ஸ்கிரிப்ட்லயோ கமாண்ட் லைன்லயோ பண்ணீங்கன்னா க்ளஸ்டர் (டேட்டா இருக்கிற கூடு) மட்டும்தான் வரும், இன்ஸ்டன்ஸ் (அத ஓட்டுற சர்வர்) வராது, 'அவைலபிள்'னு காட்டும் ஆனா கனெக்ட் ஆகாது, இன்ஸ்டன்ஸ நீங்கதான் தனியா போடணும். செக்யூரிட்டி குரூப் (எங்க இருந்து கனெக்ட் ஆகலாம்ங்கிற ரூல்), பாராமீட்டர் குரூப் (டேட்டாபேஸ் செட்டிங்ஸ்) எதுன்னு சொல்லலைன்னா டிஃபால்ட் வந்து ஒட்டிக்கும். நடுராத்திரி லைவ் படுத்துக் கிடக்கும்போதா இதெல்லாம் கத்துக்கிறது?

2017 ஜனவரி 31 அன்னிக்கு கிட்லாப்ல (புரோகிராமர்ங்க கோட் வைக்கிற வெப்சைட்) நடந்தத பாருங்க. ஒருத்தர் சர்வர் மாறி மெயின் டேட்டாபேஸ் டைரக்டரியவே அழிச்சிட்டாரு, சுமார் 300 ஜிபி. சரி பேக்கப்ப எடுப்போம்னு எஸ்3ல (அமேசானோட ஃபைல் ஸ்டோரேஜ்) பார்த்தா காலி! போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் (பேக்கப் ஃபைல்) எடுக்கிற புரோகிராம் 9.2, அதனால எர்ரர் அடிச்சு நின்னுட்டே இருந்திருக்கு, எர்ரர் மெயிலும் டிமார்க் (போலி மெயில தடுக்கிற செக்) பிரச்னையில ரிஜெக்ட் ஆயிருக்கு, ஒருத்தருக்கும் தெரியல. சுமார் 6 மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவோட நகல்) ஒண்ணு இருந்ததால தப்பிச்சாங்க, நடுவுல உள்ள டேட்டா போனது போனதுதான்.

அதனால வாரம் ஒரு தடவ ஈவண்ட்பிரிட்ஜ்ல (அமேசானோட டைமர்) ஷெட்யூல் போட்டு ஸ்டெப் ஃபங்ஷன்ஸ (வேலைய வரிசையா ஓட்டுற சர்வீஸ்) கிளப்பி விடுங்க (சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டுற லாம்டாவ மட்டும் நம்பாதீங்க, 15 நிமிஷத்துல கட் ஆயிடும்). க்ளஸ்டர ரீஸ்டோர் பண்ணி, இன்ஸ்டன்ஸ் போட்டு, கடைசி ஆர்டர் எத்தன மணிக்கு பதிவாயிருக்குன்னு குவரி அடிச்சுப் பார்த்து, மொத்தம் எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எழுதி வச்சிட்டு, அழிச்சிடணும், அழிக்க மறந்தா மாசக் கடைசியில பில்லப் பார்த்து உங்களையே தேடுவாங்க. அழிக்கிற ஸ்கிரிப்ட் 'டெஸ்ட்'னு பேர் ஆரம்பிக்கிற க்ளஸ்டர மட்டும் தொடுற மாதிரி ஐஏஎம் (அமேசான்ல யார் எதைத் தொடலாம்னு வைக்கிற இடம்) பெர்மிஷன் கொடுங்க, லைவ்ல டெலீஷன் புரொடெக்ஷன (தவறி அழிக்க விடாத செட்டிங்) ஆன் பண்ணிடுங்க. ஃபெயில் ஆனா மட்டும் மெசேஜ்னு வைக்காதீங்க, பாஸ் ஆனாலும் வரணும், வரலைன்னா போய்ப் பாருங்க. இவ்ளோ எழுத சோம்பலா இருந்தா ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) பேக்கப் சர்வீஸ்லயே ரீஸ்டோர் டெஸ்டிங்னு 2023 கடைசியில ஒரு வசதி விட்டாங்க, அத ட்ரை பண்ணுங்க.

கேள்வி: 7 நாள் போதுமா, அக்கவுண்டே ஹேக் ஆனா என்ன சார் பண்றது? (அதே வாசகர்)

பதில்: 35 நாள் வரைக்கும் ஏத்தலாம். அக்கவுண்ட் போச்சுன்னா எத்தன நாள் வச்சும் பிரயோஜனம் இல்ல, வேற அக்கவுண்ட்ல ஒரு காப்பி வேணும். ஆனா டிஃபால்ட் கேஎம்எஸ் கீயில (அமேசான் தானா போடுற பூட்டுச் சாவி) என்கிரிப்ட் ஆன ஸ்னாப்ஷாட்ட ஷேர் பண்ண விடாது, உங்க சொந்த கீயில காப்பி எடுத்துட்டு அப்புறம் அனுப்புங்க.