‘நம்பிக்கையானவர்’ என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 26 வருடம் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறுகிறார். வாழ்த்துமடல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அவரை ‘நம்பிக்கையானவர்’ என்பதா, ‘நம்பகமானவர்’ என்பதா? அச்சகத்தில் ‘எங்கள் சுமைதாங்கியே’ என்று போடச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் அந்தச் சுமைதாங்கியை எடுத்துவிடுங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்து வழியோரம் நிறுத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் உதவியில்லாமல் பாரத்தை இறக்கி வைக்க அது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்தும் வழக்கமும் உண்டு. அதை அறிந்த பெரியவர் யாராவது விழாவில் இருந்தால் அவருக்கு உறுத்தும். அது தெரியாதவர்களுக்கும், ‘எல்லா வேலையையும் இவர் தலையில் கட்டினோம்’ என்பதுதான் காதில் விழும். பெயரை மட்டும் மாற்றி அச்சடிக்கும் ஆயத்த வாசகங்களில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மடல் எழுதித் தருகிறவர்களில் பலரும் இதைத்தான் செய்கிறார்கள், ஏமாறாதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்பிக்கை, நம்புகிறவர் மனதில் இருப்பது. நம்பகம், நம்பப்படுகிறவரின் குணம். பேச்சில் ‘நம்பிக்கையான ஆள்’ என்றால் யாருக்கும் குழப்பமில்லை. எழுத்தில் ‘அவர் நம்பிக்கையானவர்’ என்று தனியே நின்றால், தன்னம்பிக்கை உள்ளவர் என்றும் படிக்கலாம். ஆகவே ‘நம்பகமானவர்’ என்றே போடுங்கள். ஆனால் செய்திக்கும் இயந்திரத்துக்கும் அதையே சொல்லிச் சொல்லி, மனிதருக்குச் சொல்லும்போது கொஞ்சம் ஈரமில்லாமல் ஒலிக்கிறது. பொருளுக்கே நம்மிடம் இதைவிட உயிருள்ள சொல் இருக்கிறதே: நல்ல மிக்ஸியைப் ‘பத்து வருஷம் உழைக்கும்’ என்கிறோம்.

‘கைசுத்தமானவர்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாராட்டுத்தான், ஆனால் ஸ்டோர் சாவி வைத்திருந்தவரைப் பற்றி எழுதும்போது இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும். ‘வலதுகரம்’ என்றால் யாருடைய வலதுகரம் என்ற கேள்வி வரும். ‘தூண்’ தேய்ந்துபோன சொல். ‘உறுதுணை’ நல்ல சொல்.

‘அச்சாணி’ பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சக்கரம் அச்சிலிருந்து கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் சின்ன ஆணி அது. தேர் ஓடும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஸ்டோர்க்காரருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 667ஆம் குறள் இந்த உவமையை, உருவத்தைப் பார்த்து இகழாதே என்பதற்குத்தான் சொல்கிறது. அவர் குள்ளமானவராகவோ மெலிந்தவராகவோ இருந்து, அதைச் சொல்லி யாரும் கேலி செய்திருந்தால், மேடையில் அந்தக் குறளைப் படிக்காதீர்கள். அச்சாணி என்ற சொல் மட்டும் போதும்.

இந்தத் தடுமாற்றம் உங்கள் குற்றமில்லை. பள்ளியில் ஒரே பொருள் தரும் சொற்கள் என்று பத்தை வரிசையாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். எந்தச் சொல்லை யாருக்கு, எந்த இடத்தில் சொல்வது என்று ஒருவரும் கற்றுத் தருவதில்லை. எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருப்பது!

அப்புறம், அடைமொழியை ஒன்றோடு நிறுத்திவிட்டு அவர் செய்ததை எழுதுங்கள். ‘சாவி இவரிடம் இருந்த 26 வருடமும், கேட்ட பொருள் கேட்ட நேரத்தில் கைக்கு வந்தது’ என்பது போல. அது உண்மைதானா என்று அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள்.