தாய் உள்ளே போனால் தொற்று வருமா?

கேள்வி: 31 வாரத்தில், 1,400 கிராம் எடையுடன் பிறந்த என் மகன் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். பத்தாம் நாள் இரத்தத்தில் தொற்று என்றார்கள். அவ்வளவு சுத்தமான அறையில் எப்படி வந்தது? நான் அடிக்கடி உள்ளே போனதுதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். இனிப் போகாமல் இருக்கட்டுமா?

பதில்: போகாமல் இருக்க வேண்டாம், சகோதரி. உங்கள் மகனுக்குத் தொற்று வந்த வழியை அவனைப் பார்க்கும் மருத்துவர்களே சொல்ல முடியும். ஆனால் விசாரிக்காமலே உங்கள்மீது பழி போடுவது அநியாயம். தாயின் எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் குழந்தைக்குச் சேர்கின்றன. அது முழுதாகச் சேருமுன் பிறந்துவிட்டவனுக்குத் தோலும் மெல்லியது, உடலில் குழாய்களும் ஊசிகளும் வேறு. நம்மை ஒன்றும் செய்யாத கிருமிகூட அவனைப் படுக்கவைத்துவிடும்.

துடைத்த தரை கண்ணுக்குத் தெரிகிறது, கைகழுவும் தொட்டியின் வடிகாலுக்குள் இருப்பது தெரிவதில்லை. ஈரம் காயாத அந்த இடத்தில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டி வளர்கின்றன. குழாய்நீர் நேராக வடிகால்மேல் விழுந்தால், தெறிக்கும் துளிகள் அருகில் வைத்த பஞ்சிலும் பால் கிண்ணத்திலும் போய் விழும். 2012 ஜனவரியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், ராயல் ஜூபிலி மகப்பேறு மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் இந்தக் கிருமியால் இறந்தபோது, ஆய்வு கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம் அங்கிருந்த தண்ணீர்க் குழாய்கள்தாம். சுத்தத்துக்காக வைத்த குழாயே இப்படியானதை என்னால் இன்றும் வேதனையில்லாமல் நினைக்க முடியவில்லை. அதன்பின், குழந்தையைத் துடைக்கக் கிருமிநீக்கிய நீரையே பயன்படுத்துமாறு அங்கே அறிவுறுத்தினார்கள்.

இட நெருக்கடியும் இதே அளவு கெடுதல். குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் கட்டில்கள் ஒட்டி ஒட்டி நின்று, ஒரே செவிலியர் பல குழந்தைகளைப் பார்க்க வேண்டி வந்தால், ஒவ்வொரு தொடுதலுக்கும் முன் கைகழுவ அவருக்கு நேரம் எங்கே?

உங்கள் மார்பின் சூடு அவனுக்குக் காவல். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே தாயோடு சேர்த்து மார்பில் அணைத்து வைத்திருந்த குழந்தைகளிடம் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது; தொற்றுச் சந்தேகமும் குறைந்தது. மகன் தேறியதும் இப்படி மார்பில் சேர்த்து வைத்திருக்கும் கங்காரு அணைப்பை எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உள்ளே போகுமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றி, முழங்கைவரை சோப்பிட்டுக் கழுவுங்கள். செல்பேசியை வெளியே விட்டுவிடுங்கள். பால் எடுக்கும் கிண்ணத்தைத் தொட்டியின் ஓரத்தில் வைக்காதீர்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். உங்களுக்குக் குணமாகும்வரை நேரில் போகாமல், அவர் சொல்லும் முறையில் பாலை மட்டும் கொடுத்தனுப்பலாம்.